கொள்ளு ரசத்தில் கரையாதது

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துக் காலம். பந்தல் வாசலில் மொய் எழுதும் மேசைகள், உள்ளே வரிசை வரிசையாக இலைகள், வாளி வாளியாக ஆட்டுக்கறிக் குழம்பு. போன ஆடியில் அப்படி ஒரு பந்தியில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா மகள். குழம்பு வாளியோடு வந்த பையனை, இலையைக் கையால் மறைத்து, போதும் என்று நிறுத்தினாள். எதிர் வரிசையிலிருந்து உறவுக்காரப் பெரியவர் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "இப்ப எதுக்குத்தா கையால மறைக்கிற? வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டிக்கப் போறியாமே!" பந்தியே சிரித்தது. அக்கா இலையை மடித்துவிட்டு எழுந்தாள். மொய் 5,000 எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ ஏறிவிட்டாள்.

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. அக்கா கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவர். அவர் வாயில் வந்தது ஊர் நினைப்பு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி அக்காவுக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுக்காத சொந்தக்காரர்கள் குறைவு. வெந்நீரில் எலுமிச்சை, வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர், இரவில் ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்வது எனத் தெருவுக்கு ஒரு வைத்தியம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே தீர்ப்பு இருக்கிறது: எடை என்பது வாய் ருசியாலும் சோம்பலாலும் வருவது, வாயைக் கட்டி உடம்பை வளைத்தால் போய்விடும், எடைக்கான ஆபரேஷன் என்பது அதற்கு மனமில்லாதவர்கள் பணத்தைக் கொட்டித் தேடும் குறுக்கு வழி.

இந்தத் தீர்ப்பின் மூன்று பகுதியும் தவறு என்பது என் கட்சி. தவறு என்பதோடு நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. ஆபரேஷனிலிருந்து பெண்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஊர் சொல்லும் இந்தப் பேச்சுதான், அவர்களை ஆயத்தமில்லாமல், ஒளித்து மறைத்து, அரைகுறை யோசனையோடு ஆபரேஷன் மேசைக்கு அனுப்பி வைக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் சோம்பல் என்ற பேச்சு. அக்கா வீட்டில் அரை ஏக்கர் மல்லிகை. விடியும்போது பூ கீரமங்கலம் மார்க்கெட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு இரவு 2 மணிக்கு எழுந்து, தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, செடி செடியாகக் குனிந்து மொட்டுப் பறிக்க வேண்டும். முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து இழுத்துப் போட்டு உட்கார்ந்து பறிக்கிறாள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அந்தக் காரியத்தை நாடே பேசியது. அப்போது 13 வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள் இவள். "பொம்பளப் புள்ளைக்குச் சைக்கிள் எதுக்கு" என்று அன்றும் ஊர் சிரித்தது. அவள் உழைக்காத நாள் என்று ஒன்றை எனக்குக் காட்டச் சொல்லுங்கள்.

பின்னே எடை எப்படி வந்தது? இருபது வருடமாக நடு இரவில் உடைகிற தூக்கம், மூன்று வேளையும் சோறு, ரேஷன் பாமாயில், பருப்பும் முட்டையும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போக மிஞ்சியது, இரண்டு பிரசவம், அவளுடைய அம்மா வழியில் எல்லோருக்கும் உள்ள உடல்வாகு. இவற்றில் எது எத்தனை கிலோ என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இது அவள் ஒருத்தியின் கதை இல்லை என்று மட்டும் சொல்ல முடியும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடற்பருமனில் இருக்கிறார்கள். பத்துக்கு நான்கு பெண்கள் ஒரே தலைமுறையில் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று நம்புவதற்கு, நம் வீட்டுப் பெண்களை ஒரு நாளாவது காலையிலிருந்து இரவு வரை பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது வாயைக் கட்டுவது. கட்டினாள். 34 வயதில், காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரிக்கு மோர். ஏழு மாதத்தில் 16 கிலோ இறங்கியது. ஊர் மெச்சியது. அடுத்த இரண்டு வருடத்தில் 20 கிலோ ஏறியது. ஊர் "பாத்தியா, மறுபடி ஆரம்பிச்சுட்டா" என்றது. இந்த இடத்தில்தான் நம் எல்லோருக்கும் ஓர் உண்மை தெரியாமல் போய்விட்டது. எடை குறைந்ததும் உடம்பு அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட முக்கியம் இது: சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, அந்த எடைக்காரர்கள் எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழித்தும். மெல்போர்னில் 2011-ல் வந்த இன்னோர் ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் ஆன பின்னும் பசியைத் தூண்டும் சுரப்புகள் தூக்கலாகவும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் சுரப்புகள் மங்கலாகவும் இருந்தன. அக்காவின் உடம்பு அவளுக்கு எதிராக ராப்பகலாக வேலை செய்துகொண்டிருந்தது. அவளோ மனத்திடம் இல்லாதவள் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

சிறுதானியம் சாப்பிட்டால் போதுமே என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உழைத்த ஒடுகம்பட்டி கொழுஞ்சிப் பண்ணை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வரகையும் குதிரைவாலியையும் மறுபடி வயலுக்கும் வட்டிலுக்கும் கொண்டுவந்த அந்த உழைப்பை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் பிள்ளைகளுக்கு அந்தச் சோறுதான். ஆனால் நோய் வராமல் காப்பது ஒரு வேலை, வந்த நோயை ஆற்றுவது வேறு வேலை. நல்ல தண்ணீர் குடித்திருந்தால் மஞ்சள் காமாலை வந்திருக்காது என்பது சரி. அதற்காகக் காமாலையில் கிடப்பவனுக்கு நல்ல தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டு வருவோமா?

இந்த ஆபரேஷனைப் பற்றி ஊரில் இருக்கும் படமே தப்பு. கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள் என்கிறார்கள் பலர். அது வேறு, அழகுக்குச் செய்வது. "பைபாஸ்" என்றால் நெஞ்சுக்கா என்று கேட்கிறார்கள். எடைக்கான அறுவையில் அதிகம் நடப்பது "ஸ்லீவ்": வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கை வெட்டி எடுத்து, மிச்சத்தை நீளமான ஒரு குழாய்போல் விட்டுவிடுவது. போகிற பகுதியில்தான் பசியைக் கிளப்பும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கிறது. "பைபாஸ்" என்பது இரைப்பையின் மேல்முனையில் ஒரு சின்னப் பையை மட்டும் ஒதுக்கி, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளிய பகுதியோடு இணைப்பது. இரண்டிலும் சாப்பாட்டின் அளவு குறைவது பாதிக் காரணம்தான். பசியையும் சர்க்கரையையும் ஆளுகிற சுரப்புகளின் பேச்சே மாறிவிடுகிறது. வாயைக் கட்டும்போது எந்த உடம்பு எதிர்த்துச் சண்டை போட்டதோ, அதே உடம்பு இப்போது ஓரளவு இணங்கி வருகிறது. மனத்திடத்தால் தொட முடியாத இடத்தைக் கத்தி தொடுகிறது.

பலன் உண்டா? ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று அறுவை செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. 2020-ல் வந்த முடிவின்படி அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 3 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். பொதுமக்களைவிட அவர்களுக்கும் ஆயுள் ஐந்து வருடத்துக்கு மேல் குறைவுதான் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே அற்புதம் என்று சொல்லமாட்டேன். மருந்து என்று சொல்வேன். நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே 2019-ல் விதி வகுத்தபோது, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்து மற்ற வழிகள் பலிக்காமல் போனாலோ, மருத்துவர் எழுதிக்கொடுத்த இந்த அறுவையை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்க இடம் வைக்கவில்லை. எடைக்கான அறுவை செய்யும் மருத்துவர்களின் சங்கங்கள் 2022-ல் அந்த வரம்பை இன்னும் இறக்கின. நம்மைப்போன்ற ஆசிய உடம்புக்காரர்களுக்கு இடுப்புக் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதால், 27.5-லிருந்தே இதை யோசிக்கலாம் என்றன. அக்காவின் உயரம் 155 சென்டிமீட்டர், எடை 108 கிலோ. அவளுக்குக் கணக்கு 45 வருகிறது.

இப்போது குறுக்கு வழி என்ற பேச்சுக்கு வருகிறேன்.

போன வருடம் ஐப்பசியில் அக்காவோடு முதல்முறை திருச்சி போனேன். புதுக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டில் பஸ் படியில் அவள் ஏறுவதற்குள் கண்டக்டர் இரண்டு விசில் ஊதிவிட்டார். டாக்டர் அன்றைக்கே தேதி தருவார் என்று நினைத்துப் போனோம். அவர் தந்தது சோதனைகள் எழுதிய ஒரு தாள். மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின். இரைப்பைக்குள் புண்ணோ கிருமியோ இருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி. ஈரலும் பித்தப்பையும் பார்க்க ஸ்கேன். இதயத்துக்கு எக்கோ. ஓர் இரவு முழுக்க உடம்பில் ஒயர்களை ஒட்டித் தூங்க வைத்து ஒரு சோதனை. அதில் அக்காவுக்குத் தூக்கத்தில் திரும்பத் திரும்ப மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. வருடக்கணக்காக "குறட்டைக்காரி" என்று வீட்டில் கேலி செய்தோமே, அது இது. இரவில் முகத்தில் மாஸ்க் மாட்டிப் பழகிய பிறகுதான் மயக்க மருந்து என்று டாக்டர் தள்ளிப்போட்டார். "பாத்தியா, டாக்டரே வேணாம்னுட்டாரு" என்றது ஊர்.

மனநல ஆலோசகரிடம் இரண்டு முறை. பைத்தியமா என்று பார்ப்பதற்கில்லை அது. துக்கம் வந்தால் சாப்பிடுகிறாளா, ராத்திரி எழுந்து சாப்பிடுகிறாளா, ஆபரேஷனிலிருந்து எதை எதிர்பார்க்கிறாள், வீட்டில் யார் துணை என்று கேட்பதற்கு. அக்கா அங்கே ஒரு மணி நேரம் அழுதாள் என்று பிறகு சொன்னாள். தன் எடையைப் பற்றி அவளை யாரும் குற்றம் சாட்டாமல் கேட்டது அதுதான் முதல் முறையாம். உணவு ஆலோசகர் ஒருவர் அவள் சமையல்கட்டில் என்னென்ன இருக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். இனி தட்டில் முதல் வாய் முட்டை வெள்ளைக்கரு, மீன், பருப்பு, தயிர், நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம், சோறு கடைசி. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி கழித்து மடக்கு மடக்காக. ஒரு கவளத்தை இருபது தடவை மெல்ல வேண்டும். இதையெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு கற்றுக்கொள்ள முடியாது, இப்போதே பழகு என்றார். பீடி சிகரெட் இருந்தால் வாரக்கணக்கில் முன்பே நிறுத்த வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால், அறுவைக்குப் பின் ஒன்றரை வருடம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மூன்றாம் மாதம் முடி கொட்டும். பயப்படாதே, திரும்ப வளரும்.

கடைசி இரண்டு வாரம் நீராகாரம். புரத மாவு கலந்த பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். பட்டினி போடும் தண்டனை இல்லை இது. கொழுப்பேறி வீங்கிய ஈரல் இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கும். இந்த இரண்டு வாரத்தில் அது சுருங்கினால்தான் டாக்டரின் கண்ணுக்கும் கருவிக்கும் வழி கிடைக்கும். கூடவே மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே ஏறும். நுரையீரல் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, நாளுக்குப் பல முறை. முதல் நாள் அக்காவால் ஒரு பந்தைத்தான் தூக்க முடிந்தது.

முதல் சோதனையிலிருந்து இதுவரை ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இதைக் குறுக்கு வழி என்பவர்கள் அந்த நீண்ட வழி எது என்று எனக்குச் சொல்லட்டும்.

இனி ஊர்ப் பேச்சு செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண், சிங்கப்பூரில் இருக்கும் கணவன் அனுப்பிய பணத்தில் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டாள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று நான் எழுதப்போவதில்லை. மாமியார் வீட்டில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே வாரத்தில் சோதனை, தேதி, அறுவை எல்லாம் முடிந்தது. யாரும் துணைக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காதுகுத்து. இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லாமல் பிரியாணியை நாலு வாய் சாப்பிட்டாள். அன்று தொடங்கியது வாந்தி. அதையும் மறைத்தாள், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு. இன்னும் சில வாரத்தில் கால் மரத்து, நடை தள்ளாடி, பேச்சு தடுமாறியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விடாத வாந்தியில் பி1 வைட்டமின் வற்றிப்போனால் நரம்பு இப்படித்தான் தாக்கப்படும். ஊசி வழியாக அதைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அவளைப் படுக்க வைத்தது கத்தி என்று ஊர் சொல்கிறது. மறைக்க வைத்த வெட்கம் என்று நான் சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்த அறுவைக்குப் போய் இறந்துபோனார். அன்றிலிருந்து அந்தச் செய்தியை அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பாத உறவினர் இல்லை. அந்தச் சாவை லேசாகப் பேச எனக்கு வாய் வராது. அந்தப் பெற்றோரின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். சுகாதாரத் துறை குழு வைத்து விசாரித்தது, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இந்த மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மயக்க மருந்து மருத்துவர் ராத்திரியிலும் இருப்பாரா, இந்த டாக்டர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார், தையல் கசிந்தால் யார் பார்ப்பார்கள், ஒரு வருடம் கழித்தும் இங்கே வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்க வேண்டும். அக்கா இந்தக் கேள்விகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கேட்டாள். முதலில் போன இடத்தில் பதில் சரியில்லை. வேறு இடம் பார்த்தோம். ஒளிந்து போகிறவளால் இப்படிக் கேட்க முடியுமா? கேட்பதற்குக் கூட ஒருவர் வேண்டும். கூட வருவதற்கு ஊர் வெட்கப்படாமல் இருக்க வேண்டும்.

"மூன்றே நாளில் வீடு, ஆறே மாதத்தில் புது உடம்பு" என்று பிளெக்ஸ் வைக்கிறவர்களும் என் எதிர்க்கட்சிதான். குறுக்கு வழி என்று திட்டுகிறவரும் குறுக்கு வழி என்று விற்கிறவரும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள்: இது சுலபம் என்ற பொய்யை. சோதனையில்லாமல் தேதி தருகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எடை குறைக்க ஊசி இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். மவுஞ்சாரோ போன்ற வார ஊசிகள் 2025-லிருந்து இங்கேயும் கிடைக்கின்றன. நல்ல மருந்துகள், சிலருக்கு அதுவே போதும். அக்காவின் டாக்டரும் அதைப் பேசினார். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், ஆகவே மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது, மல்லிகை விலை சித்திரைக்கு ஒன்று மார்கழிக்கு ஒன்று என்று இருப்பவர்களுக்கு அது தாங்காது என்று அவளே முடிவு சொன்னாள். முடிவெடுப்பது என்றால் அது. தன் உடம்பு, தன் வரவு, தன் பயம் எல்லாவற்றையும் எதிரில் பரப்பி வைத்துக்கொண்டு எடுப்பது.

"மக்களைத் தேடி மருத்துவம்" வந்த 2021-லிருந்து எங்கள் ஊரில் வாசலுக்கே வந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தருகிறார்கள். சர்க்கரை வந்தவரிடம் யாரும் "சர்க்கரை வரும்படி வாழ்ந்தாயே, மாத்திரை எதற்கு" என்று கேட்பதில்லை. அந்த மரியாதையில் பாதி எடைக்காரர்களுக்கும் கிடைத்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

இந்த ஆடியில் மொய் விருந்து அழைப்பு வந்தபோது அக்கா நீராகாரத்தின் இரண்டாவது வாரத்தில் இருந்தாள். அவளுக்குப் பதிலாக மாமியார் போனார். முதலில் இந்த ஆபரேஷனுக்கு அவரும் எதிர்ப்புத்தான். தூக்கச் சோதனைத் தாளை மகன் படித்துக் காட்டிய அன்றைக்கு, "ராத்திரி பூ பறிக்கிறப்ப வரப்புலேயே உக்காந்து தூங்குவாளே, அது இதுனாலதானாடா?" என்று கேட்டவர், பிறகு மாறினார். பருப்புத் தண்ணீரை வடிகட்டித் தருவது இப்போது அவர்தான். பந்தியில் அதே பெரியவர், "எங்க உன் மருமக?" என்று கேட்டிருக்கிறார். மாமியார் குரலைத் தாழ்த்தவில்லை. "அடுத்த புதன் அவளுக்கு வயித்துல ஆபரேஷன், எடைக்கு. வீட்டுல பந்து இழுத்துக்கிட்டு இருக்கா. மூணும் ஏறுது இப்ப" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

கை கழுவும் இடத்தில், வேறு வரிசையில் இருந்த ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்து நின்றாளாம். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டாளாம்: "எத்தன கிலோ இருந்தா பண்ணுவாங்க, அத்தை?"